இன்னும் ஒரு காகிதம்

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்ஷூரன்ஸில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் நம் ஊரில் முதலில் ஓரடி தள்ளி நிற்பார்கள். பாலிசி போடச் சொல்லிவிடுவானோ என்ற பயம். "நான் ஏஜெண்ட் இல்லைங்க, ஆபீஸ்ல கிளெய்ம் செக்‌ஷன்ல இருந்தேன்" என்றால் பயம் போய்விடும். கூடவே ஆர்வமும் போய்விடும். ஏஜெண்ட் வீட்டுக்கு வருகிறவர், காப்பி குடிக்கிறவர், கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறவர். ஆபீஸ்காரன் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஃபாரம் கேட்கிறவன். அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இருந்தது எல்.ஐ.சி. ஆனால் இன்று சொல்லப்போவதில் பெரும்பகுதி எந்தப் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பெரிய கம்பெனி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1956 ஜனவரி 19-ஆம் தேதி நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார். ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசு எடுத்துக்கொள்கிறது என்றார். அன்றைக்கு நாட்டில் 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடெண்ட் சொசைட்டிகள், ஆக 245 அமைப்புகள் இந்தத் தொழிலில் இருந்தன. செப்டம்பர் 1-ஆம் தேதி எல்லாம் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபாரம், ஒரு லெட்ஜர், ஒரு வழக்கம். அத்தனையும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தது. இன்று இரண்டாயிரத்துக்கு மேல் கிளைகள், நூற்றுச் சொச்சம் கோட்ட அலுவலகங்கள், எட்டு மண்டலங்கள்.

நமக்கு எல்.ஐ.சி. என்றால் அண்ணா சாலைக் கட்டடம்தான். அதை எல்.ஐ.சி. தொடங்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. யுனைடெட் இந்தியா என்று 1906-இல் சுதேசி இயக்கத்தின் சூட்டோடு சென்னையில் தொடங்கிய கம்பெனி ஒன்று இருந்தது. அதை நடத்திவந்த மு.சித.மு. சிதம்பரம் செட்டியார்தான் அந்தக் கட்டடத்துக்கு ஆசைப்பட்டவர். வேலை தொடங்கியது 1953-இல். 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கட்டி முடிப்பதற்குள் கம்பெனியே அரசுடைமையாகிவிட்டது. 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் வந்து திறந்துவைத்தார். நாட்டிலேயே உயரமான கட்டடமாகக் கொஞ்ச காலம் இருந்தது. அப்புறம் நம் சினிமாக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்தில் இறங்கினால் முதலில் சென்ட்ரல், அடுத்து எல்.ஐ.சி. இரண்டையும் காட்டிவிட்டால் மெட்ராஸ் வந்தாயிற்று என்று அர்த்தம். உள்ளே உட்கார்ந்து யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை.

எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எண்பதுகளில் நான் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தபோது, பாலிசி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்கெட். புரபோசல் ஃபாரம், டாக்டர் ரிப்போர்ட், ஏஜெண்டின் ரிப்போர்ட், வயதுச் சான்று எல்லாம் அதற்குள் கோத்திருக்கும். புரபோசலை நாங்கள் 'முன்னூறு' என்போம், ஃபாரம் நம்பர் 300. பிரீமியம் கட்டாமல் லேப்ஸான பாலிசியை மறுபடி உயிர்ப்பிக்கக் கொடுக்கும் உடல்நல உறுதிமொழி 'அறுநூற்று எண்பது'. மனிதர்களின் மிக அந்தரங்கமான செய்திகளுக்கு நாங்கள் வைத்த பெயர்கள் இவை. அப்பா எந்த வயதில் எதனால் இறந்தார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசிப் பிரசவம் எப்போது என்பதெல்லாம் முன்னூறில் இருக்கும். ஒரு தெருவின் டாக்கெட்டுகளை அடுக்கி வாசித்தால் அந்தத் தெருவின் சரித்திரம் வந்துவிடும். நாவலாசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் பொறாமைப்படலாம்.

வயதுச் சான்று என்றேன். பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தால் கவலையில்லை. இல்லாதவர்களுக்கு? பிறந்தபோது கணித்த ஜாதகத்தை வயதுச் சான்றாக ஏற்கலாம் என்று விதி இருந்தது. முதல் தரச் சான்று கிடையாது, கூடுதல் நிபந்தனைகள் வரும், ஆனாலும் ஏற்கலாம். மஞ்சள் தடவிய ஓலையும் நோட்டும் ஆபீஸுக்கு வரும். தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தை வைத்து ஆங்கிலத் தேதியாக்கத் தெரிந்தவர் பிராஞ்சுக்கு ஒருவராவது இருந்தார். ஜாதகத்தில் ஆயுள் பாவம் என்ன சொல்கிறது என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டாக்கெட்டில் சேர்க்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பெண்களுக்கு வேறு கணக்கு இருந்தது. சம்பாதிக்கிற பெண், சொத்து வருமானம் உள்ள பெண், இரண்டும் இல்லாத இல்லத்தரசி என்று மூன்று வகை. மூன்றாம் வகைக்கு எவ்வளவு தொகைக்குப் பாலிசி தரலாம், எந்தத் திட்டம் தரலாம் என்பதற்கெல்லாம் வரம்பு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நாற்று நடப் போகிறவளும் அந்த ஃபாரத்தில் 'வருமானம் இல்லை' என்றே வருவாள், ஏனென்றால் கூலி கையில் வந்ததற்குக் காகிதம் இல்லை.

இப்போது இந்தத் தொழிலின் மையத்துக்கு வருகிறேன். ஒருவர் எப்போது சாவார் என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. லட்சம் பேரில் இந்த வருஷம் எத்தனை பேர் சாவார்கள் என்பது மட்டும், ஆயுள் கணக்குப் போடும் ஆக்சுவரிக்கு ஏறக்குறையத் தெரியும். பழைய ஓரியண்டல் கம்பெனியின் பாலிசிதாரர்கள் 1925-இலிருந்து 1935 வரை எப்படி இறந்தார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். எல்.ஐ.சி. பல வருஷம் அந்தப் பட்டியலை வைத்தே நடந்தது. பென்சிலின் ஊருக்கு வருவதற்கு முந்திய சாவுகள் அவை. அப்புறம்தான் தன் சொந்த அனுபவத்திலிருந்து 1970–73, 1975–79, 1994–96 என்று புதிய பட்டியல்கள் போட்டது. கம்பெனி பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கான காரணம் இதில் இருக்கிறது. நூறு பேரை வைத்துக்கொண்டு இந்தக் கணக்குப் போட்டால் ஒரே ஒரு வேன் விபத்தில் கம்பெனி மூழ்கிவிடும். கோடிப் பேர் இருந்தால் கணக்கு அசையாது.

ஆக்சுவரிக்கு எண் தெரியும், ஆள் தெரியாது. கிளெய்ம் செக்‌ஷன்காரனுக்கு ஆள் தெரியும். எண்ணாக இருந்தது ஒருநாள் காலை பத்தேகாலுக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்து எதிரே உட்காரும். கூட ஒரு மைத்துனரோ, பத்தாவது படிக்கும் பெண்ணோ வந்திருக்கும். பைக்குள் ரேஷன் கார்டு, பிரீமியம் ரசீதுகள், போட்டோ, எல்லாம் கலந்து கிடக்கும். கணவர் பாலிசி எடுத்ததே அன்றுதான் தெரிந்தது என்று சொன்ன பெண்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "இன்னும் என்ன காகிதம் வேணும்?"

நான் இன்று சொல்ல வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சாதாரண ஆளிடம் அதிகாரம் என்று ஏதாவது இருக்கிறது என்றால் அது 'ரெக்வயர்மென்ட்' எழுதும் அதிகாரம். இன்னது குறைகிறது, கொண்டுவந்து தரவும் என்ற கடிதம். அதில் எழுதும் ஒரு வரி எதிரே இருப்பவருக்கு மூன்று பஸ், இரண்டு நாள் கூலி, தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு மனு. எழுதுகிறவருக்குப் பத்து வினாடி.

உதாரணமாகப் பெயர். நம் ஊரில் மனிதனுக்கு ஒரே பெயர் கிடையாது. பாலிசியில் எஸ். கலியபெருமாள். இறப்புச் சான்றிதழில் சாமிக்கண்ணு மகன் பெருமாள். ரேஷன் கார்டில் கலியன். கடிதத்தில் 'மேற்படி மூவரும் ஒருவரே என்பதற்குச் சான்று அனுப்பவும்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஃபைல் நம் மேசையை விட்டுப் போய்விடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர் அப்படி எழுத விடமாட்டார். "டாக்கெட்டைப் பாத்தியாப்பா?" என்பார். டாக்கெட்டில் அப்பா பெயர் இருக்கும். அங்க அடையாளம் இருக்கும். கதவு எண் இருக்கும். மனைவியை நாமினியாகப் போட்டிருப்பார், அவர் பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாகவே இருக்கும். "இவ்வளவும் நம்மகிட்டயே இருக்கு. அந்த அம்மாவை எதுக்கு தாசில்தார்ட்ட அனுப்புற?" என்று கேட்டுவிட்டு, ஏன் இவர்தான் அவர் என்று நோட் ஷீட்டில் நாலு வரி எழுதச் சொல்வார். அந்த நாலு வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். பொறுப்பு அவருடையதாகிவிடும். பத்து வினாடி வேலை அரை மணி நேர வேலையாகிவிடும். அந்த அரை மணியைத்தான் நான் வேலை என்கிறேன்.

எல்லோரும் ஏன் அப்படிச் செய்வதில்லை? சோம்பலும் கல்நெஞ்சமும்தான் காரணம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. பெரிய காரணம் வேறு. கூடுதலாக ஒரு காகிதம் கேட்டதற்காக எந்தப் பெரிய நிறுவனத்திலும் யாருக்கும் மெமோ வராது. ஒரு காகிதத்தைக் கேட்காமல் விட்டு, பணம் தவறான ஆளுக்குப் போனால் வரும். ஓய்வு பெறும் நாள்வரை தொடரும். ஆடிட்டர் வருவார், "இது எங்கே?" என்பார். இந்த ஏற்பாட்டில், காகிதம் கேட்பது பாதுகாப்பு, கேட்காமல் தீர்ப்பது துணிச்சல். மாதச் சம்பளக்காரனிடம் துணிச்சலை எதிர்பார்க்கும் நிர்வாகம், துணிந்தவனுக்கு நிழல் கொடுக்க வேண்டும். கொடுத்த மேலதிகாரிகள் உண்டு. அவர்கள் இருந்த பிராஞ்சுகளில் கிளெய்ம் தேங்காது, இதை எந்தப் பழைய ஊழியரைக் கேட்டாலும் சொல்வார்.

காகிதத்தின் மீதான இந்த மோகத்துக்கு எல்.ஐ.சி.யின் குழந்தைப் பருவத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1957-இல் ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. நாடாளுமன்றத்தில் இதைப் பெரோஸ் காந்தி எழுப்பினார். நீதிபதி சாக்லா பகிரங்கமாக விசாரித்தார். வாங்கச் சொன்னது யார், நிதியமைச்சர் சம்மதித்தாரா, வாய்மொழியாகச் சொன்னது என்ன என்பதிலேயே விசாரணை சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தொடங்கி இரண்டு வருஷம் ஆகாத நிறுவனம் பெற்ற முதல் பாடம், எதையும் எழுத்தில் வாங்கு என்பது. தவறான பாடம் என்று சொல்லமாட்டேன். தன் பணம் இல்லையே, ஊர்ப் பணம்.

ஊர்ப் பணம் என்பதால்தான் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை. புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எடுக்கும் பாலிசி உண்டு. அண்ணனுக்குப் பதில் தம்பியை டாக்டர் முன் நிறுத்தியவர்கள் உண்டு. பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் இறந்தால் அதை எர்லி கிளெய்ம் என்று தனியாக விசாரிப்பது இதனால்தான். அப்போது மூன்று ஃபாரம். ஒன்றில் உரிமை கோருகிறவர் எழுத வேண்டும். இன்னொன்றில் கடைசியாக வைத்தியம் பார்த்தவர். மூன்றாவது, இறந்தவரின் உடலை நேரில் பார்த்த, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ போன பொறுப்பான ஒருவர். எந்த இடம், எத்தனை மணி என்று அவர் எழுதித் தர வேண்டும். முதல்முறை அந்த ஃபாரத்தைப் படித்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பல வருஷம் கழித்துத்தான், இருக்கிற ஃபாரங்களிலேயே சுலபமாகப் பூர்த்தியாவது அதுதான் என்று கவனித்தேன். நம் ஊர்களில் சாவுக்கு யாரும் போகாமல் இருப்பதில்லை. போனவர் பஞ்சாயத்துத் தலைவராக இருப்பார், வாத்தியாராக இருப்பார், கூப்பிட்டதும் வந்து கையெழுத்துப் போடுவார். டாக்டரிடமிருந்து வாங்க வேண்டிய ஃபாரத்துக்குத்தான் நாய்படாத பாடு.

1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 45-ஆவது பிரிவு என்று ஒன்று. இத்தனை வருஷம் தாண்டினால் கம்பெனி பழைய குறைகளைத் தோண்டி மறுக்கக் கூடாது என்று சொல்வது. அப்போது இரண்டு வருஷம், அதிலும் மோசடி என்றால் விலக்கு. 2015 திருத்தத்தில் மூன்று வருஷமாக்கினார்கள், ஆனால் அதற்குப் பிறகு மோசடி என்றும் சொல்ல முடியாது என்று அடைத்துவிட்டார்கள். வேலை பார்க்கிறவனுக்கு இது பெரிய விடுதலை. சந்தேகப்படும் கடமைக்கு ஒரு கடைசித் தேதி கிடைத்தது.

லேப்ஸான பாலிசியிலும் இப்படி ஒரு இரக்கம் ஒளிந்திருந்தது. மூன்று வருஷம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்தியவர், நிறுத்திய ஆறு மாதத்துக்குள் இறந்தால் முழுத் தொகையும் கிடைக்கும், கட்டாத பிரீமியம் போக. ஐந்து வருஷம் கட்டியிருந்தால் ஒரு வருஷம்வரை. 'பாலிசி போச்சுன்னு ஏஜெண்ட் சொன்னாரு' என்று ரசீதைக் கிழிக்கப் போனவர்களுக்கு இது தெரியாது. தேதிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்து "இல்லம்மா, இருக்கு" என்று சொல்லும் தருணங்கள் இந்த வேலையில் வாய்க்கும். அதிகம் வாய்க்காது.

2004 டிசம்பர் சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்த்தவன் பேச்சை முடிக்க முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். பாலிசிப் பத்திரம் கடலில். ரசீது கடலில். பல வீடுகளில் உடலே கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். அந்த ஏழு வருஷத்தைக் காத்திராமல் இறப்பைப் பதிவு செய்ய அரசு தனி நடைமுறை வகுத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் வழக்கமான காகிதங்களைத் தளர்த்தின. இதில் எனக்குப் பெருமையைவிட ஆச்சரியமே அதிகம். பத்திரம் தொலைந்தால் இழப்பீட்டு உறுதிப் பத்திரம், ஜாமீன்தாரர் என்று மாதக்கணக்கில் கேட்கும் அதே ஏற்பாடு, தன்னிடம் இருக்கும் பதிவை வைத்தே பணம் தரலாம் என்று முடிவு செய்ய முடிந்தது. ஆயிரம் பேர் சேர்ந்து சாகும்போது முடிகிறது. ஒற்றை ஆள் கிணற்றில் விழுந்து சாகும்போது ஏன் முடிவதில்லை என்பதை நான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நாமினி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் குடும்பங்கள் உடைந்து பார்த்திருக்கிறேன். நாமினி என்றால் பணம் அவருக்கே சொந்தம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். 1983-இல் உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. மனைவி ஒருபுறம், மாமியார் ஒருபுறம், நடுவில் எங்கள் மேசை. 2015 திருத்தத்தில்தான் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் இவர்களை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே என்று வந்தது.

கம்ப்யூட்டர் வந்ததைப் பற்றிக் கேட்பீர்கள். அறுபதுகளில் அது வேண்டாம் என்று கல்கத்தாவில், எல்.ஐ.சி. கம்ப்யூட்டர் வைக்க இருந்த இலாகோ ஹவுஸ் வாசலில் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். தொண்ணூறுகளில் எங்கள் மேசைக்கே வந்தது. யாரும் வேலை இழக்கவில்லை, ஆனால் புதிதாக எடுக்கும் ஆள் குறைந்தது என்று சங்கத் தோழர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்று உண்டு. திரையில் 'ரெக்வயர்மென்ட்' பட்டியலில் டிக் போட்டால் கடிதம் தானே அச்சாகிவிடும். பத்து வினாடி, இரண்டு வினாடியானது. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள், 2022-இல் எல்.ஐ.சி.யே பங்குச் சந்தைக்கு, 949 ரூபாய்க்கு ஒரு பங்கு. இவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகு நான் கவுண்ட்டருக்கு மறுபக்கம் போக நேர்ந்தது. உறவினர் ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்கான கிளெய்ம். வேறொரு கம்பெனி, பேர் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள், அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து பில்லின் விவரம் கேட்டார்கள், அனுப்பினோம். அப்புறம் டாக்டரின் முத்திரை. அப்புறம் ரத்து செய்த செக் ஒன்று. ஒவ்வொரு கடிதமும் மிக மரியாதையாக இருந்தது. நாலையும் முதல் நாளே கேட்டிருக்க முடியும். கேட்டிருந்தால் நாலு முறை 'ஃபைல் நகர்ந்தது' என்று அவர்கள் கணக்குக் காட்டியிருக்க முடியாது. என் சீனியர் இருந்திருந்தால் முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பையனைக் கூப்பிட்டிருப்பார். "எல்லாத்தையும் ஒரே தடவையில கேளுப்பா. இல்லன்னா கேக்காதே" என்பது அவர் சட்டம்.

இங்கே கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள். இந்த வேலைக்குப் போகலாமா என்று கூட்டத் தலைவர் மூலமாக ஒரு சீட்டு வந்திருக்கிறது. போகலாம். சம்பளம் நேரத்துக்கு வரும், 2021-இலிருந்து சனிக்கிழமையும் விடுமுறை. மார்ச் மாதம் மட்டும் உங்களை வீட்டில் தேடக் கூடாது. வேலை அலுப்பாக இருக்கும் என்று சொல்வார்கள், இருக்கும்தான். கிளெய்ம் செக்‌ஷனில் போட்டால் மாற்றல் கேட்டு ஓடிவிடாதீர்கள்.

மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் பாலிசிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா, நாமினி உயிரோடு இருக்கிறாரா, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசியில் இன்னும் அம்மா பெயரே இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள். உயிரோடு இருக்கிறவர் கையெழுத்துப் போட்டால் இவை எல்லாம் ஒரே நாளில் திருந்திவிடும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எந்தப் பாலிசி நல்லது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், ஏஜெண்டுகள் இரண்டு பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.